பேட்டரி ஏன் பத்தே நாளில் தீர்ந்துபோகிறது? சிறு கணினிப் போர்டுகளின் உறக்கமும் விழிப்பும்

சமூகத் தோட்டத்தில் மண்ணின் ஈரம் பார்க்க ஒரு சென்சர், கூரைத் தொட்டியின் நீர்மட்டம் பார்க்க ஒன்று, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசல் கதவு திறந்தால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்ப இன்னொன்று. சிங்கப்பூரில் இப்படிச் சொந்தமாகச் செய்து பார்க்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். இவர்களில் பலர் பயன்படுத்தும், வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 என்ற சிப்பின் விவரத்தாளைத் திறந்தால், ஆழ்ந்த உறக்கத்தில் அது 10 மைக்ரோஆம்பியர்தான் இழுக்கும் என்று இருக்கிறது. 2,500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியை அந்த எண்ணால் வகுத்தால் 250,000 மணி நேரம் வருகிறது. அதாவது 28 ஆண்டுகள். ஆனால் கையில் இருக்கும் கருவி பத்துப் பன்னிரண்டு நாளில் அணைந்துவிடுகிறது.

இரண்டு எண்களும் உண்மைதான். முதல் எண் சிப்பைப் பற்றியது. பேட்டரியைத் தீர்ப்பதோ சிப்பைச் சுற்றி இருக்கும் போர்டும், அந்தப் போர்டு விழித்திருக்கும் நேரமும். உறக்கத்தைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள். யார், எப்போது, எதற்காக எழுப்புவார்கள் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினையும் அல்ல. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது நடைபாதையிலிருந்து நம் கருவிக்கு மின்சாரம் இழுத்துக்கொள்ள முடியாது. சூரியத் தகடு வைக்கலாமென்றால் நடைபாதையில் வெயில் விழுவதில்லை. அதனால் பேட்டரியைத் தவிர வேறு வழியில்லாத இடங்கள் இங்கே நிறைய. பொதுப் பயனீட்டுக் கழகம் முதற்கட்டமாகச் சுமார் 300,000 திறன் நீர்மானிகளைப் பொருத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மின்செருகி கிடையாது. அந்த அளவில் இறங்கும்போது, ஒவ்வொரு கருவிக்கும் அடிக்கடி ஆள் போய் பேட்டரி மாற்றுவது நடக்கிற காரியமில்லை.

உறங்கும்போது எது நிற்கிறது?

ஒரு செயலி மின்சாரத்தை இரண்டு வழிகளில் செலவழிக்கிறது. ஒன்று, கடிகாரத் துடிப்புக்கேற்ப லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூடுவதால் வரும் செலவு. இன்னொன்று கசிவு. டிரான்சிஸ்டர் மூடியிருந்தாலும் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

கடிகாரத்தை நிறுத்தினால் முதல் செலவு நிற்கும். நினைவகத்தில் இருந்தவை அப்படியே இருக்கும், ஆனால் கசிவு தொடரும். மின்னழுத்தத்தையே துண்டித்தால் கசிவும் நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலை, நினைவகம் அழிந்துபோவது. எந்த நிறுவனத்தின் சிப்பை எடுத்தாலும், எந்தப் பெயரில் அழைத்தாலும், உறக்க நிலைகள் எல்லாம் இந்த இரண்டு செயல்களின் கலவைதான். ஆழத்தின்படி இப்படி அடுக்கலாம்:

1. செயலி மட்டும் ஓய்வெடுப்பது. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகைச் செயலிகளில் 'குறுக்கீடு வரும்வரை காத்திரு' என்று ஒரே ஒரு கட்டளை உண்டு (குறுக்கீடு என்பது செயலியின் கவனத்தை இழுக்கும் சமிக்ஞை). மற்ற பாகங்கள் ஓடிக்கொண்டிருக்கும். விழிக்க மைக்ரோ வினாடிகள் போதும்.

2. லைட் ஸ்லீப். பெரும்பாலான கடிகாரங்கள் நிற்கும், நினைவகம் உயிரோடு இருக்கும். விழித்ததும் நிரல் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரிக்குப் போகும். இஎஸ்பி32-இல் இது சுமார் 0.8 மில்லிஆம்பியர். எஸ்டிஎம்32 என்ற வேறொரு சிப் குடும்பத்தில் ஸ்டாப் எனப்படும் நிலை இதற்கு நெருக்கமானது.

3. டீப் ஸ்லீப், அதாவது ஆழ்ந்த உறக்கம். முக்கிய நினைவகத்துக்கும் மின்சாரம் போய்விடும். நேரம் காட்டும் சிறு பகுதியும், அதையொட்டிய கொஞ்சம் நினைவகமும்தான் மிஞ்சும். இஎஸ்பி32-இல் அந்த நினைவகம் 8 கிலோபைட் அளவில் இரண்டு துண்டுகள். விழிப்பது என்பது இங்கே மறுதொடக்கம்தான். நிரல் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்றாவது நிலையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எண்ணிக்கை வைத்திருந்த மாறி (வேரியபிள்) ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது என்று குழம்புவார்கள். அது பிழை இல்லை. உறக்கத்தைத் தாண்டி நிற்க வேண்டிய மதிப்புகளை அந்தச் சிறிய நினைவகத்தில் வைக்கும்படி நிரலில் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆழமான உறக்கம் எப்போதும் சிக்கனமானது என்பதும் சரியில்லை. வினாடிக்கு ஒருமுறை ஒரு அளவீடு எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டீப் ஸ்லீப்பிலிருந்து எழுந்து தயாராகக் கால் வினாடி ஆகிறது, அந்த நேரத்தில் 40 மில்லிஆம்பியர் போகிறது என்றால், சராசரி 10 மில்லிஆம்பியர். லைட் ஸ்லீப்பிலேயே இருந்திருந்தால் ஒரு மில்லிஆம்பியரை ஒட்டி முடிந்திருக்கும். அடிக்கடி எழ வேண்டியவர் ஆழ்ந்து உறங்கினால் நட்டம்தான்.

சராசரியைக் கணக்கிடுவது

பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதற்கு ஒரே கேள்விதான்: சராசரியாக எவ்வளவு மின்னோட்டம்? வைஃபை வழியே 10 நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். எழுந்து, வைஃபையில் சேர்ந்து, அனுப்பி, மறுபடி உறங்க 5 வினாடி. அந்த நேரத்தில் சராசரியாக 120 மில்லிஆம்பியர். பேட்டரி 2,500 மில்லிஆம்பியர்-மணி.

விழித்திருக்கும் செலவை 600 வினாடிக்குப் பரப்பினால் 1 மில்லிஆம்பியர். உறக்கத்தின் 10 மைக்ரோஆம்பியர் இதில் நூறில் ஒரு பங்கு. மொத்தம் 1.01. பேட்டரி ஏறக்குறைய 103 நாள் வரும். உறக்கத்தை இன்னும் பாதியாகக் குறைத்தாலும் இந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் அசையாது.

இப்போது விழிப்பைத் தொடுவோம். ஒவ்வொரு முறையும் ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்காமல் நிலையான முகவரியைக் கொடுத்து, எந்த அலைவரிசையில் ரவுட்டர் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அந்த 5 வினாடியை ஒரு வினாடிக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும். சராசரி 0.21-க்கு இறங்கும், பேட்டரி 496 நாள். இதுபோலவே, அளவீட்டை 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேர்த்து வைத்து, மணிக்கு ஒருமுறை மட்டும் மொத்தமாக அனுப்பலாம். மண்ணின் ஈரம் பத்து நிமிடத்தில் ஓடிவிடாது. அளவிடுவது மலிவு, அனுப்புவதுதான் செலவு.

சரி, 103 நாள் வர வேண்டிய அதே கருவி 11 நாளில் தீர்வது எப்படி? உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியருக்குப் பதிலாக 8 மில்லிஆம்பியர் போனால் சராசரி 9-க்கு ஏறும். 2,500-ஐ 9-ஆல் வகுத்தால் 278 மணி நேரம், பதினொன்றரை நாள். பழகுவதற்கென்று விற்கப்படும் பல போர்டுகளில் நடப்பது இதுதான்.

போர்டில் எங்கே ஒழுகுகிறது?

சிம் லிம் டவர் கடையிலோ இணையத்திலோ வாங்கும் பழகுபோர்டு, கணினியோடு யுஎஸ்பி கம்பியில் இணைத்து வைத்து நிரல் எழுதிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது நல்ல போர்டு. பேட்டரியில் போட்டால்தான் சிக்கல். ஒழுகும் இடங்களை இப்படித் தேடலாம்:

1. மின்னழுத்தச் சீராக்கி. மலிவான போர்டுகளில் பரவலாக இருக்கும் 1117 வகை, யாருக்கும் மின்சாரம் கொடுக்காமல் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். சிப்பின் உறக்கச் செலவைப் போல 500 மடங்கு இது. சில மைக்ரோஆம்பியரில் இயங்கும் சீராக்கிகள் கிடைக்கின்றன. பேட்டரிக்காகவே வடிவமைத்த போர்டுகளில் அவைதான் இருக்கும்.

2. சிவப்பு விளக்கு. மின்சாரம் வந்துவிட்டது என்று காட்டும் எல்இடி ஒன்றிரண்டு மில்லிஆம்பியரை நாள் முழுவதும் எரிக்கும். அதை எடுத்துவிட வேண்டும்.

3. யுஎஸ்பி தொடர்புக்கான சிப். பேட்டரியில் ஓடும்போது இதற்கு வேலையே இல்லை. ஆனாலும் அதே மின்பாதையில் இருப்பதால் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

4. சென்சர்கள். செயலி தூங்கினால் சென்சரும் தூங்கும் என்று எந்த விதியும் இல்லை. மண் ஈரச் சென்சர் சில மில்லிஆம்பியரை இடைவிடாமல் இழுக்கும். அதன் மின்பாதையில் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்க வேண்டும்.

5. பேட்டரி அளவு பார்க்கும் மின்தடைகள். இரண்டு 100 கிலோஓம் தடைகளைப் பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால், 4.2 வோல்ட்டில் 21 மைக்ரோஆம்பியர் நிரந்தரமாகப் போகும். முழுச் சிப்பின் உறக்கச் செலவைப் போல இரு மடங்கு.

ஆறாவதாக ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். சென்சரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம், ஆனால் அதன் தரவுக் கம்பியோடு இணைந்த செயலியின் பின் (இணைப்புக் கால்) இன்னும் 3.3 வோல்ட்டில் நிற்கிறது. அப்போது மின்சாரம் அந்தத் தரவுக் கம்பி வழியாகவே சென்சருக்குள் நுழையும். பெரும்பாலான பின்களில் நிலைமின் தாக்குதலைத் தடுக்க, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் உள்ளே இருக்கின்றன. அவை இந்த மின்சாரத்தைச் சென்சரின் மின்பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சென்சர் முழுதாக அணையவும் இல்லை, முழுதாக இயங்கவும் இல்லை. மின்சாரமும் ஒழுகும், அடுத்த முறை சரியாகத் தொடங்காமல் தவறான அளவும் கொடுக்கும். சென்சரைத் துண்டிக்கும் முன் அதோடு இணைந்த எல்லாப் பின்களையும் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும் அல்லது உள்ளீடாக மாற்ற வேண்டும்.

எதனோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட பின்களும் இப்படித்தான். அவை உயர்வா தாழ்வா என்று தெரியாமல் நடுவில் ஊசலாடும்போது உள்ளே இருக்கும் சுற்று வீணாக மின்சாரத்தை எரிக்கும்.

விழித்திருக்கும் காவல் பகுதி

வீட்டில் எல்லாரும் தூங்கினாலும் கதவைத் தட்டினால் கேட்க ஒருவர் வேண்டும். சிப்புக்குள்ளும் அப்படி ஒரு சிறு பகுதி எப்போதும் மின்சாரத்தோடு இருக்கிறது. எழுப்பும் உரிமை அந்தப் பகுதியோடு இணைந்தவற்றுக்கு மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இஎஸ்பி32-இல் எல்லாப் பின்களாலும் டீப் ஸ்லீப்பிலிருந்து எழுப்ப முடியாது. 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27, 32 முதல் 39 ஆகிய எண்கள்தான் அந்தக் காவல் பகுதியோடு இணைந்தவை. கதவுச் சென்சரை 18-ஆம் பின்னில் இணைத்து, போர்டையும் அச்சடித்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், மென்பொருளால் செய்வதற்கு ஒன்றுமில்லை. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் போர்டுகளிலும் இதே கதைதான்: எப்போதும் மின்சாரம் இருக்கும் பகுதியில் உள்ள பின்கள் மட்டுமே எழுப்பும். விழிப்பை முதலில் திட்டமிட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம். சுற்று வரையும் முன்பே, எழுப்பப்போவது யார் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரு பின் மூலம் எழுப்புவதிலும் இரண்டு வகை உண்டு. மின்னழுத்தம் மாறும் கணத்தைக் கவனிப்பது ஒன்று. ஒரு நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது இன்னொன்று. இஎஸ்பி32-இன் டீப் ஸ்லீப் இரண்டாவது வகை. தொட்டி நிரம்பியதும் மிதவைச் சுவிட்ச் மூடிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி எழும், தகவல் அனுப்பும், உறங்கப் போகும். சுவிட்ச் இன்னும் மூடியே இருக்கிறது. உடனே மறுபடி எழும். தண்ணீர் இறங்கும்வரை இது ஓயாது, ஒரே நாளில் பேட்டரி காலியாகிவிடும். இதற்கு வழி, எழுந்ததும் பின்னின் நிலையைப் பார்த்து, அடுத்த முறை அதற்கு எதிர்நிலைக்காகக் காத்திருக்கச் சொல்வது. மூடியதால் எழுந்தால், திறப்பதற்காகக் காத்திரு. திறந்ததால் எழுந்தால், மூடுவதற்காக.

நேரம் பார்த்து எழுவதிலும் கவனம் தேவை. காவல் பகுதியின் கடிகாரத்துக்கு இரண்டு தேர்வுகள் உண்டு. சிப்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை-மின்தேக்கி அலையாக்கி இலவசம், ஆனால் சூட்டுக்கேற்ப ஓட்டம் மாறும். வெளியே வைக்கும் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம் நம்பகமானது. அந்த எண் 2-இன் 15-ஆவது அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு வினாடித் துடிப்பு கிடைக்கும். பத்து லட்சத்தில் 20 பங்கு துல்லியமுள்ள படிகம் ஒரு நாளில் 1.7 வினாடிதான் தவறும். நேரத்துக்கு எழுவது முக்கியம் என்றால் படிகத்துக்குச் செலவு செய்வது வீணில்லை.

லினக்ஸ் போர்டு என்றால் விஷயமே வேறு

கேமராவோ, படம் பார்த்துப் புரிந்துகொள்ளும் மென்பொருளோ தேவைப்பட்டால் லினக்ஸ் ஓடும் போர்டுக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே உறக்கம் என்பது ஒரு சிப்புக்குக் கட்டளை கொடுப்பதோடு முடிவதில்லை. அது ஒரு ஊர்வலம் போல வரிசையாக நடக்கும். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாம் உறையவைக்கப்படும். பிறகு ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் மென்பொருளான டிரைவர் தன் சாதனத்தை உறங்கவைக்க வேண்டும். பிறகு ஒரு செயலிக்கருவைத் தவிர மற்றவை அணைக்கப்படும். கடைசியில் நினைவகம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் நிலைக்குப் போகும். மீதி மின்சாரத்தை, போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் துண்டிக்கும். வரிசையில் ஒரே ஒரு டிரைவர் மறுத்தாலும் முழு முயற்சியும் திரும்பிவிடும்.

இதில் பலரைக் குழப்புவது, உறங்கச் சொல்வதற்குக் கொடுக்கும் 'மெம்' என்ற ஒரே சொல் போர்டுக்குப் போர்டு வேறு ஆழத்தைக் குறிப்பது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் மின் நிர்வாகக் கோப்புகளில் 'மெம் ஸ்லீப்' என்ற பெயரில் ஒன்றை வைத்திருக்கிறது. அதைப் படித்தால் 'எஸ்2ஐடில்', 'டீப்' போன்ற பெயர்கள் தெரியும். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போது தேர்ந்தெடுத்திருப்பது. எஸ்2ஐடில் என்றால் எல்லாம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். பல போர்டுகளில் மின்சாரம் பெரிதாகக் குறையாது. டீப் என்றால்தான் நினைவகம் தவிர மற்றவை துண்டிக்கப்படும். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால், போர்டைச் செய்தவர்கள் அந்த வேலையைச் செய்யவில்லை என்று பொருள். பயனர் எந்த அமைப்பை மாற்றினாலும் அது வராது.

நம்மில் பலர் வைத்திருக்கும் ராஸ்பெர்ரி பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பை 4, அதற்கு முந்தையவை எவற்றிலும் நினைவகத்தை மட்டும் உயிரோடு வைத்து உறங்கும் வசதி இல்லை. 2023-இல் வந்த பை 5-இல் நிகழ்நேரக் கடிகாரமும் மின் பொத்தானும் சேர்க்கப்பட்டன. முழுதாக அணைத்துவிட்டு, குறித்த நேரத்தில் மறுபடி தொடங்க வைக்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்தினால், அணைத்த பிறகும் அது 1 முதல் 1.4 வாட் வரை இழுக்கும். 3.7 வோல்ட், 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை, அணைந்த நிலையிலேயே ஆறரை முதல் ஒன்பது மணி நேரத்தில் காலி செய்ய அது போதும். போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரின் அமைப்பில் இரண்டு வரிகளை மாற்றி, நிறுத்தும்போது மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கச் சொன்னால் 0.01 வாட் அளவுக்கு இறங்கும். நூறு மடங்கு வித்தியாசம் இரண்டு வரிகளில் இருக்கிறது.

அதன் பிறகும் விழிப்பின் செலவு காத்திருக்கிறது. லினக்ஸ் தொடங்கி வேலை முடித்து அணைய 25 வினாடி, சராசரி 4 வாட் என்றால், ஒரு முறைக்கு 100 ஜூல். மணிக்கு ஒருமுறை என்றால் அதே பேட்டரி சுமார் பத்து நாள் வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் சுமார் இரண்டு நாள்தான். இந்த வேலைக்கு இஎஸ்பி32 போன்ற ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலரைக் காவலுக்கு வைத்து, உண்மையிலேயே படம் எடுக்க வேண்டிய தருணத்தில் மட்டும் லினக்ஸ் போர்டுக்கு மின்சாரம் திறந்துவிடுவதே என் பார்வையில் சரியான வழி. துண்டிக்கும்போது மட்டும், லினக்ஸ் எழுதி முடித்துவிட்டது என்ற சமிக்ஞை வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்டி கார்டு பழுதாகும்.

லினக்ஸில் இன்னொரு நுட்பமான ஆபத்து உண்டு: உறங்கப் போகும் கணத்திலேயே எழுப்பும் நிகழ்வு வந்துவிட்டால்? நிரல் 'வேலை எதுவும் இல்லை, உறங்கலாம்' என்று முடிவெடுக்கிறது. அதற்கும் உண்மையில் உறங்குவதற்கும் இடையே இருக்கும் நொடியில் கதவு திறக்கிறது. குறுக்கீடு வந்து போய்விட்டது, நிரல் அதைப் பார்க்கவில்லை, போர்டு உறங்கிவிட்டது. அந்தத் தகவல் அடுத்த விழிப்பு வரை யாருக்கும் தெரியாது. இதற்காகவே 2010-இல் கெர்னலில் விழிப்பு எண்ணிக்கை என்ற ஏற்பாடு வந்தது. உறங்கும் முன் நிரல் அந்த எண்ணைப் படிக்கும். பிறகு வேலை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் படித்த எண்ணையே திருப்பி எழுதும். இடையில் ஏதாவது நிகழ்ந்து எண் மாறியிருந்தால் கெர்னல் எழுத விடாது. நிரல் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இந்த நான்கு படிகளைத் தவிர்த்துவிட்டு நேரடியாக உறங்கச் சொல்லும் நிரல்கள், எப்போதாவது ஒரு நிகழ்வைத் தவறவிடும். அந்த 'எப்போதாவது' சோதனைக்கூடத்தில் வரவே வராது.

மோசமான நாளில் என்ன நடக்கும்?

மேலே போட்ட கணக்குகள் எல்லாம் நல்ல நாளுக்கானவை. பேட்டரி உண்மையில் சாவது மோசமான நாளில்தான்.

ரவுட்டர் அணைந்திருக்கிறது. கருவி எழுகிறது, வைஃபையைத் தேடுகிறது, கிடைக்கும்வரை தேடு என்று நிரலில் எழுதியிருக்கிறது. 120 மில்லிஆம்பியரில் 2,500 மில்லிஆம்பியர்-மணி என்பது 21 மணி நேரம்தான். 103 நாள் வர வேண்டிய பேட்டரி, குடும்பம் வார இறுதிக்கு ஜோகூர் போய்வருவதற்குள் தீர்ந்துவிடும். எனவே எந்தக் காத்திருப்புக்கும் ஒரு வரம்பு வேண்டும். பத்து வினாடியில் கிடைக்கவில்லையா, உறங்கப் போ. மறுபடி கிடைக்கவில்லையா, அடுத்த உறக்கத்தை இரு மடங்காக்கு. தோல்விகளின் எண்ணிக்கையை உறக்கத்தைத் தாண்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டால் இதைச் செய்வது எளிது.

இன்னொன்று மின்னழுத்தச் சரிவு. வைஃபை தொடங்கும்போது சிப் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய மின்வழங்கல் வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பழைய பேட்டரியால் அதைத் தர முடியாமல் மின்னழுத்தம் சரிந்தால் சிப் தானாக மறுதொடக்கம் ஆகும். தொடங்கியதும் மறுபடி வைஃபை, மறுபடி சரிவு. உயிர் இருக்கும் கடைசி நிமிடம்வரை இது சுற்றிக்கொண்டே இருக்கும். சிப் ஏன் தொடங்கியது என்ற காரணத்தை அதனிடமே கேட்கலாம். மின்னழுத்தச் சரிவுதான் காரணம் என்றால், வைஃபையைத் தொடாமல் நீண்ட உறக்கத்துக்குப் போக வேண்டும்.

உறக்கத்தில் மாட்டிக்கொண்டு எழாமலே போகும் கருவிக்கு, குறித்த நேரத்துக்குள் நிரல் பதில் தராவிட்டால் மறுதொடக்கம் செய்துவிடும் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் மருந்து. ஆனால் சில செயலிகளில் அது உறக்கத்திலும் எண்ணிக்கொண்டே இருக்கும். நன்றாக உறங்கும் போர்டை இடையில் தட்டி மறுதொடக்கம் செய்துவிடும். உறங்கும்போது அது நிற்குமா ஓடுமா என்பதை விவரத்தாளில் பார்த்துவிட வேண்டும்.

நம் ஊர் வெக்கையும் ஈரமும்

விவரத்தாளின் எண்கள் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸில் எடுத்தவை. சிங்கப்பூரில் அந்த வெப்பநிலை கிடைப்பது விடியற்காலையில்தான். பகலில் நிழலிலேயே 31 முதல் 33 டிகிரி. வெயில் நேராக விழும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் 50-ஐத் தாண்டும். கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. உறக்கச் செலவில் கசிவின் பங்கு எவ்வளவோ, அந்தப் பங்கு 45 டிகிரியில் நான்கு மடங்காக எகிறும். லித்தியம் அயான் பேட்டரியும் சூட்டில் வேகமாக மூப்படையும், சும்மா இருந்தாலே வேகமாகத் தன்னைத்தானே தீர்த்துக்கொள்ளும்.

ஈரம் இன்னும் மறைவாக வேலை செய்யும். உறக்கச் செலவைக் குறைக்க மெகாஓம் அளவில் மின்தடைகளை வைப்போம். பற்றவைத்த பிறகு துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் எனும் பற்றவைப்புப் பசையின் மேல் ஈரம் படிந்தால், அந்தப் படலமே ஒரு மின்தடையாக மாறி நாம் வைத்ததோடு போட்டி போடும். விழிப்புப் பின்னின் மின்னழுத்தம் மெல்ல நகரும். காரணமே இல்லாமல் கருவி நள்ளிரவில் எழுந்துகொள்ளும். போர்டை நன்றாகத் துடைத்து, பாதுகாப்புப் பூச்சு பூசிவிட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுக்குமாடி வாழ்க்கைக்கே உரிய இன்னொரு செலவும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று எல்லா ரவுட்டர்களும் அவற்றைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. நெரிசலில் தகவல் தொலைந்து மறுபடி அனுப்ப வேண்டி வரும்; விழித்திருக்கும் நேரம் நீளும். பல கருவிகள் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் சரியாக மணி அடிக்கும்போது எழவைக்காமல், ஒவ்வொன்றுக்கும் சில வினாடிகள் தற்செயலாகத் தள்ளி வைப்பது நல்லது.

அளந்து பார்ப்பதில் ஒரு பொறி

கடைசியாக, அளப்பது. சாதாரண மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் வரிசையில் வைத்துப் பேட்டரியோடு தொடராக இணைத்தால், அதன் உள்ளே இருக்கும் அளவுத்தடையின் குறுக்கே மின்னழுத்தம் விழும். உறங்கும்போது பரவாயில்லை. கருவி எழுந்து நூறு மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும் அந்தக் கணத்தில், மீட்டரே மின்னழுத்தத்தைச் சரித்து மறுதொடக்கம் செய்ய வைத்துவிடும். கருவியில்தான் கோளாறு என்று நாள்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. பெரிய வரிசையில் வைத்தால் உறக்கத்தின் சிறிய எண் தெரியாது. விழிப்பின் மேடு பள்ளங்களையும் மீட்டரின் மெதுவான திரை காட்டாது.

இதற்கென்றே உள்ள மின்னோட்ட அளவிகள் நானோஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை தாமாக வரிசை மாற்றிக்கொண்டு, வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து வரைபடமாகக் காட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படியொன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. உறக்கத்தை மட்டும் தனியாக அளக்க, நிரலில் வைஃபையைத் தொடாமல் நேராக உறங்கச் சொல்லி மல்டிமீட்டரில் பாருங்கள். 10 மைக்ரோஆம்பியருக்குப் பதில் சில மில்லிஆம்பியர் தெரிந்தால் சீராக்கியும் விளக்கும்தான் முதல் சந்தேகம். சில நூறு மைக்ரோஆம்பியர் என்றால் யுஎஸ்பி சிப், சென்சரின் தரவுக் கம்பி. சில பத்து என்றால் மின்தடைகள். விழிப்பின் நீளத்தை அளக்க, எழுந்ததும் ஒரு பின்னை உயர்த்தி உறங்கும் முன் இறக்கி, அலைக்காட்டியில் (ஆசிலாஸ்கோப்) அகலத்தைப் பார்த்தால் போதும். இந்த இரண்டு எண்களையும் மேலே போட்ட கணக்கில் வைத்தால், பேட்டரியின் ஆயுள் ஓரளவுக்குச் சரியாகவே வரும். ஆனால் உறக்கச் செலவை மட்டும் குளிரூட்டிய அறையில் ஒருமுறையும், பெட்டியை மூடிப் பிற்பகல் வெயிலில் வைத்து இன்னொரு முறையும் அளந்து, பெரிய எண்ணைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.